விருந்தும் வாதமும்

விருந்து என்னும் சொல் முதற்கண் புதுமையைக் குறித்தது. புதுவதாகப் புனையப்படும் ஒருவகை நூலுக்குத் தொல்காப்பியர் விருந்து என்றே பெயர் வழங்கினார். அச்சொல் புதியராய் வந்தாரையும் குறித்தது. அவர்க்கு இடும் உணவையும் குறிப்பதாயிற்று. புதியரும் பழகியவரும் ஓரிடத்துக் கூடி உண்ணும்போது பேச்சு எழுதல் இயல்பு. பேச்சு எழுந்தால் கருத்து மாறுபாடு எழுதலும் இயல்பே. மாறுபாடு சிறிதும் இல்லாத பேச்சு உப்பில்லாத சோற்றை ஒக்கும். ஆயினும் உப்பு எவ்வளவு இடுதல் வேண்டும் என்பதைச் சமைப்பவர் அறிவர். மாறுபாடு எவ்வளவு கலத்தல் வேண்டும் என்பதைப் பேசுபவருள் பலர் அறியார்.

பண்டைத் தமிழர் வாதத்தை வெறுத்தாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா இருபத்தெட்டு நாள் நடந்ததாக மணிமேகலை கூறும். அவ்விழாவின் தொடக்கத்தில் யானையின் பிடரில் முரசை ஏற்றி நகர மாந்தர்க்கு அறிவித்தவன், தெருக்களில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புக என்பது போன்ற பலவற்றைச் சொல்லி வரும்போது இரண்டு செய்திகளையும் உடன் கூறுகின்றான். சமயப்பொருள் பற்றி வாதம் செய்ய விரும்புவோர் பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதன்கண் ஏறுக என்பது ஒன்று. தம்மொடு பகைமை பூண்டவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்பது மற்றொன்று. வாதத்திற்கென ஓர் இடத்தை வகுத்துவிட்டு, விழாவின் ஏனைய இடங்களைப் பூசலினின்றும் காத்தனர் நம் முன்னோர். பட்டிமண்டபத்தில் ஏறுபவன் தோல்விக்கும் உடன்பட்டே ஏறுகின்றான். ஒரு வீட்டு விருந்திற்கு வருபவன் அவ்வாறு எதற்கும் உடன்பட்டு வருவதில்லை. பசியோடும் அன்போடும் வருகின்றான், அவ்வளவே.

இவ்வேற்றுமையை முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணாக்கர்க்கு எடுத்துச் சொன்னவன் யான். ஆயினும் அதனை உள்ளபடி உணர்ந்தது சென்ற ஆவணித் திங்களில், ஒரு வீட்டின் மொட்டைமாடியில்தான். இதனைக் கூற எனக்குச் சிறிது நாணமாக இருக்கின்றது.

என் நண்பர் ஒருவர் அன்று புதுமனை புகுந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இருபதாண்டு வாடகை வீடுகளில் இருந்து, சிக்கனம் பிடித்தும் கடன்பட்டும், ஒரு கூடமும் இரண்டு அறைகளும் உடைய சிறிய வீட்டைக் கட்டி முடித்திருந்தார். காலையிற் பால் காய்ச்சினர். நண்பகலில் ஊரார்க்கு உணவளித்தனர். மாலையில் நெருங்கிய சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் மட்டும் மாடியிற் பாய் விரித்து அமர்ந்தோம். காற்று நன்கு வீசிற்று. வாழைக்காய் பஜ்ஜியும் காப்பியும் வந்தவண்ணம் இருந்தன. நண்பரின் ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் பெற்றிருந்தாள். மறுவாரம் புறப்பட வேண்டியவள், அன்று தட்டும் கையுமாகப் படிகளில் ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தாள்.

வாதம் தொடங்கியது ஒரு சிறு கம்பியினால். நண்பரின் தங்கை மகன் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்திற் பணிபுரிபவன். அவனுடைய கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது. அருகில் இருந்த அண்டை வீட்டு இளைஞனை நோக்கி, "அண்ணா, மின்னேற்றும் கம்பி உண்டா?" என்று வினவினான். அவ்விளைஞன் கடைத்தெருவிற் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். அவன், "தம்பியின் ஐபோனுக்கு எங்கள் ஏழைக் கம்பி பொருந்துமோ?" என்று நகைத்தான். "இப்பொழுது பொருந்தும்" என்றான் இவன். அருகில் இருந்தவர்கள் சிரித்தனர். இவ்வளவே வித்து.

அவர்கள் பேச்சு விளங்குதற்குச் சில செய்திகளை ஈண்டுக் கூறுதல் வேண்டும். இன்று நாம் திறன்பேசி என்று வழங்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சார்ந்தவை. அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஐபோன் என்னும் கருவியை அறிவித்து, அவ்வாண்டு ஜூன் திங்களில் விற்பனைக்குக் கொணர்ந்தது. மற்றொரு குடும்பம் ஆண்டிராய்டு என்பது. அப்பெயருடைய சிறு நிறுவனத்தைக் கூகுள் 2005இல் வாங்கிற்று. அதன் மென்பொருளால் இயங்கிய முதற் கைபேசி 2008இல் வெளிவந்தது. ஆப்பிள் தன் கருவியையும் அதனை இயக்கும் மென்பொருளையும் தானே வகுத்து, பிறர் கருவிகளுக்கு அம்மென்பொருளைத் தருவதில்லை. கூகுளோ தன் மென்பொருளைப் பல நிறுவனங்களும் எடுத்தாள விட்டது. ஆதலின் ஆண்டிராய்டு கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கும். ஓர் இலக்கத்திற்கு மேற்பட்ட விலையிலும் கிடைக்கும். ஐபோன் பெரும்பாலும் உயர்ந்த விலையிலேயே கிடைக்கும். நம் நாட்டில் மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்டிராய்டே.

ஒவ்வொன்றிற்கும் தனித்த நலன்கள் உண்டு. ஐபோனுக்கு நெடுங்காலம் புதுப்பித்த மென்பொருள் வந்துகொண்டிருக்கும். பழையதாயினும் விலை மிகுதியாக வீழாது. ஆண்டிராய்டிலோ பல வடிவமும் பல விலையும் உண்டு. சில கருவிகளில் நினைவட்டையைச் செருகி இடத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். வேற்றுமைகள் சில நாளடைவில் மறைந்தும் வருகின்றன. 2023இல் வெளிவந்த ஐபோன் 15 முதலாக அதன் மின்னேற்றும் துளையும் ஏனைய கருவிகளில் உள்ளது போன்றே அமைந்துவிட்டது. கம்பி இப்பொழுது பொருந்தும் என்று அவ்விளைஞன் சொன்னதன் காரணம் இதுவே. 2023இலும் 2024இலும் கூகுளும் சாம்சங்கும் தம் உயர்விலைக் கருவிகள் சிலவற்றிற்கு ஏழாண்டுக் காலம் புதுப்பித்தல் தருவதாக உறுதி கூறின. இன்னும் ஒன்று. உலகிற்குச் செல்லும் ஐபோன்களுட் பல திருப்பெரும்புதூர்ப் பகுதியில் நம் பெண்மக்களின் கைகளால் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. சாம்சங் கைபேசிகள் நொய்டாவிற் செய்யப்படுகின்றன. இரண்டு கருவிகளிலும் நம் நாட்டார் உழைப்புப் படிந்துள்ளது. இது குறித்து அன்று மாடியில் ஒருவரும் நினைத்திலர், யானும் நினைத்திலேன்.

இருவரும் தொடக்கத்தில் நன்றாகவே பேசினர். கடைக்கார இளைஞன் கருவிகளின் உள்ளுறுப்புக்களை அறிந்தவன். சென்னை இளைஞன் மென்பொருளை அறிந்தவன். கேட்பவர்க்குப் பல செய்திகள் கிடைத்தன. ஆனாற் சூழ இருந்தவர் நகைக்கத் தொடங்கியவுடன் பேச்சு தன் வழியை விட்டது. அவையோர் நகைப்பு ஒருவகைக் கள். அதனை ஒருமுறை பருகியவன் மறுமுறையும் வேண்டுவான். அதற்காக அடுத்த சொல்லை முன்னைய சொல்லினும் கூரியதாக்குவான்.

"ஐயா தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார் ஒருவர். எல்லோரும் என்னை நோக்கினர். என்னிடம் இருப்பதோ பொத்தான்கள் உள்ள பழைய கைபேசி. பேசுவதற்கன்றி வேறொன்றற்கும் உதவாது. "ஐயாவிடம் இரண்டும் இல்லை; ஆதலின் அவரே நடுவர்" என்று அவர்கள் கூறியபோது நகைப்பு மேலும் எழுந்தது. பட்டிமன்றங்களில் அமர்ந்து பழகிய எனக்கும் அது உவப்பாகவே இருந்தது. சுவரிற் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து அமர்ந்தேன்.

கடைக்கார இளைஞன் கூறினான்: "நடுவர் அவர்களே, பழத்தின் படம் ஒன்று பின்புறம் இருப்பதற்காக இவர்கள் இத்தனை விலை கொடுக்கின்றார்கள். அதையும் தவணையில் வாங்கிவிட்டுப் பழம் பிறர்க்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு திரிகின்றார்கள்." எல்லோரும் சிரித்தார்கள். சென்னை இளைஞனின் தாய் மட்டும் தலை குனிந்தார். அவன் கருவி தவணையில் வாங்கியது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அவன் முகம் சிவந்தது. காயம்பட்டவன் விடையளிக்கும்போது குறி பார்ப்பதில்லை. "தவணையானாலும் நல்ல பொருளை வாங்குகின்றோம். உங்கள் கடையிற் பத்தாயிரத்திற்கு விற்கும் கருவியைப் படிக்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது மழைக்காலத்திற் காகிதக் குடை வாங்கிக் கொடுப்பது போல. முதல் மழை வரைதான் அது குடை" என்றான்.

யான் தமிழாசிரியன். ஓர் உவமையைக் கேட்டால் என் செவி முதலில் அதன் அழகையே நாடும். "நன்று, நன்று! பயன்பற்றி வந்த உவமம். காகிதக் குடை! இன்னொரு முறை சொல் தம்பி" என்றேன். அவன் இன்னொரு முறை கூறினான். மாடி முழுதும் நகைத்தது. உவமை எவ்வளவு பொருத்தம் என்று நோக்கினேனேயன்றி, அது யார்மீது வீழ்ந்தது என்று நோக்கினேனல்லேன். அப்போது நண்பர் காப்பித் தட்டுடன் படியின் தலையில் நின்றிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

சிறிது நேரத்தில் தண்ணீர் பருகுவதற்காக யானும் கீழே இறங்கினேன். உள்ளறையின் கதவு பாதி திறந்திருந்தது. நண்பர் ஒரு சிறு பெட்டியைப் பீரோவின் மேல்தட்டில், மடித்த வேட்டிகளின் அடியிற் செருகிக்கொண்டிருந்தார். பெட்டியின் மூலையில் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தன. என்னைக் கண்டதும் சிறிது திகைத்தார். "குழந்தைக்கு என்று வாங்கினேன், ஐயா. எல்லோர் முன்னிலையிலும் உங்கள் கையால் இன்று கொடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பீரோவின் கதவை மூடினார். அது என்ன கருவி, என்ன விலை என்று யான் வினவவில்லை. மாதச் சீட்டுப் பிடித்து வாங்கியது என்பதை மட்டும் அவரே சொன்னார்.

மாணாக்கர்களே, யான் அப்பொழுது உற்ற துன்பத்தை எவ்வாறு கூறுவேன்! அவ்வீட்டுச் சோற்றை உண்டு, அவ்வீட்டுப் பாயில் அமர்ந்து, அவ்வீட்டுத் தலைவரின் ஓராண்டுச் சேமிப்பைக் காகிதக் குடை என்று கூறியதை இருமுறை கேட்டுக் கைதட்டியிருந்தேன். ஒருவன் கையிலுள்ள கருவியைப் பழித்தோம் என்று நாம் நினைக்கின்றோம். அக்கருவியின் பின்னே அதனை வாங்கிய பணப்பையும், அப்பையை நிரப்பிய உழைப்பும், கொடுத்தவரின் அன்பும் நிற்பதை நாம் காண்பதில்லை. மகன் அயல்நாட்டிலிருந்து அனுப்பிய ஐபோனை வைத்திருக்கும் முதியவர் அதனைத் தெரிந்தெடுத்தவரல்லர். அண்ணன் வாங்கிக் கழித்த ஆண்டிராய்டை வைத்திருக்கும் தம்பியும் தெரிந்தெடுத்தவனல்லன். இவர்களிடம் போய் "நீ ஏன் இதனை வாங்கினாய்?" என்று அவையிற் கேட்டால் அவர்கள் எதனை விடையாகக் கூறுவர்? நம் ஊர்களில் எப்பொருளைக் கண்டாலும் "என்ன விலை?" என்று வினவும் வழக்கம் வேறு உண்டு. அது தீய எண்ணத்தால் வருவதன்று. ஆயினும் பத்துப் பேர் நடுவில் அவ்வினா ஒருவனது வருவாயை வினவுவதற்கு நிகராகும்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறையும் அன்று. ஐபோனிலிருந்து மற்றோர் ஐபோனுக்கு அதன் செய்திச் செயலிவழி அனுப்பும் செய்தி அனுப்பியவர் திரையில் நீலக் கட்டத்திலும், ஆண்டிராய்டு கருவிக்கு அனுப்பும் செய்தி பச்சைக் கட்டத்திலும் தோன்றும். அமெரிக்காவில் இளைஞர் பலர் அச்செயலி வழியே பேசிக்கொள்வதால், பச்சை நிறம் ஒரு தாழ்வுக்குறி ஆயிற்று. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் மென்பொருளை மாற்றியமைத்த பின்னர் இருவகைக் கருவிகளுக்கும் இடையே படங்கள் தெளிவாகச் செல்ல வழி ஏற்பட்டது. பச்சை நிறமோ அப்படியே இருக்கின்றது. நம்மவர் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியே செய்தி அனுப்புவதால் இந்நிற வேற்றுமையை அறியார். இல்லாத வேற்றுமையை நாமே விலையினால் உண்டாக்கிக்கொள்கின்றோம்.

அங்ஙனமாயின் விருந்தில் உண்மை பேசலாகாதோ என்று நீங்கள் வினவலாம். உண்மையை மறைத்தல் பண்பாகாது. ஒருவர் பழைய கைபேசி ஒன்றை வாங்க எண்ணி, "இது நன்றா?" என்று உங்களைக் கேட்கின்றார் என்று கொள்ளுங்கள். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் நின்றுவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அதிற் பணம் செலுத்தும் செயலியை வைத்திருப்பவர்க்கு அது ஓர் இடையூறு. அதனைச் சொல்லாமற் புன்முறுவல் செய்துவிட்டுப் போதல் நண்பன் செயலன்று. தனியே அழைத்துத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். வாங்குமுன் கூறப்படும் அச்சொல்லுக்கு அறிவுரை என்று பெயர். வாங்கிய மறுநாள் விருந்திற் பலர் நகைக்கக் கூறப்படின், அதே சொல்லுக்குப் பெயர் வேறு.

வாதம் செய்தற்கும் முறை உண்டு. பவணந்தியார் தம் நன்னூலிற் புலவர் கொள்ளும் மதம் எழுவகை என்று வகுத்தபோது, பிறரோடு உடன்படுதலையே முதலில் வைத்தார். மறுத்தல் அதற்கு அடுத்ததே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் அதிற் பொருந்தாததைக் களைதல் மூன்றாவது. அன்று மாடியில் இருவருள் ஒருவனேனும், "நீ கூறுவதில் இஃது உண்மை" என்று தொடங்கியிருப்பின் அப்பேச்சு எவ்வளவோ வேறாகச் சென்றிருக்கும். நடுவனாகிய யான் அதனை நினைவூட்டியிருத்தல் வேண்டும். நன்னூலை யான் மனப்பாடமாக அறிவேன், என்ன பயன்? திருக்குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அதனையும் ஆண்டுதோறும் நடத்தினேன்.

படியில் நின்று எண்ணினேன். மேலே சென்று, "இனி அப்படிப் பேசாதீர்கள், வீட்டுக்காரரே அதனை வாங்கி வைத்திருக்கின்றார்" என்று கூறினால் என்ன ஆகும்? அவர் மறைத்ததை யான் பலர் அறிய வெளியிட்டதாக முடியும். மன்னிப்புக் கேட்டாலும் அதுவே. கைபேசி பற்றி ஒன்றும் பேசாமல் வேறு பேச்சை எடுத்தால் பெட்டி பீரோவிலேயே தங்கிவிடும். ஒரு சொல்லும் எனக்குத் தோன்றவில்லை. வெறுங்கையனாய் மாடிக்கு ஏறிப் பழைய இடத்தில் அமர்ந்தேன். அங்கே அவர்கள் இன்னும் படக்கருவிகளின் நுட்பம் பற்றி உரத்த குரலில் வழக்கிட்டுக்கொண்டிருந்தனர்.

அப்பொழுது நண்பரின் தமக்கையார் முந்தானையிற் கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படியாதவர். அடுக்களையில் இருந்தவர்க்கு மேலே நடந்தது எவ்வளவு தெரியும் என்பதை யான் இன்றளவும் அறியேன். அவர் சென்னை இளைஞனுக்குப் பெரியம்மா முறை. நேரே அவனருகில் அமர்ந்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துத் தம் கைபேசியை எடுத்தார். திரையின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. விலை குறைந்த ஆண்டிராய்டுதான்.

"தம்பி, இதில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியும்படி செய்ய முடியுமா, பார்" என்றார்.

அவன் வாதத்தை நிறுத்தி அதனை வாங்கினான். அமைப்புப் பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பெரிதாக்கினான். "இப்பொழுது படியுங்கள், பெரியம்மா." அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "தட்டெழுத வேண்டாம், பேசினாலே எழுத்து வரும்" என்று கூறி, தமிழிற் குரல்வழி எழுதும் வசதியையும் அமைத்துக் கொடுத்தான். அவர் கருவியை வாயருகே பிடித்து, "கண்ணு, பாட்டி பேசறேன், சாப்பிட்டியா?" என்றார். அச்சொற்கள் திரையில் தமிழ் எழுத்தாய் நின்றன. சிங்கப்பூரிலுள்ள பேத்திக்கு அச்செய்தி சென்றது. சுற்றி இருந்த முதியோரெல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தனர். கடைக்கார இளைஞனும் வந்து, "திரைமேல் ஒரு கண்ணாடி ஒட்டவேண்டும் அம்மா, நாளைக்குக் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம்" என்றான்.

அவர் அதோடு எழுந்து போய்விடவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொன்று கேட்கவேண்டும் தம்பி. எனக்கு இது போதும். படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த மாதிரி ஒன்று போதுமா? பாடமெல்லாம் இதில் வருமா?" என்று வினவினார். குரலில் நகைப்பும் இல்லை, குத்தலும் இல்லை. அறியாதவர் அறிந்தவனிடம் கேட்கும் வினாவாகவே இருந்தது.

இளைஞன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்க் கூறினான்: "போதும் பெரியம்மா. கல்லூரிப் பாடங்களும் காணொளிகளும் இதில் நன்றாக வரும். படங்களையும் செயலிகளையும் அளவின்றி நிரப்பிவிடக் கூடாது. புதுப்பித்தல் வரும்போதெல்லாம் தவறாமல் ஏற்கவேண்டும். ஓர் உறை போட்டு வைத்தால் மூன்று நான்கு ஆண்டு ஓடும். நானும் கல்லூரியில் இப்படிப்பட்டதைத்தான் வைத்திருந்தேன்."

கால்மணி நேரத்திற்கு முன் அதே வகைக் கருவியைக் காகிதக் குடை என்றவனும் இவனே. முன்னர் அவன் பொய் சொல்லினான் என்றும் கூறுவதற்கில்லை; அக்கருவிக்கு ஆயுள் குறைவு என்பதில் ஓரளவு உண்மை உண்டு. முன்னர் அவனை வினவியவர் வெற்றி தோல்வியை வினவினர். அதற்கேற்ற விடை வந்தது. இவ்வம்மையார் ஒரு பிள்ளையின் படிப்பை வினவினார்; அதற்கேற்ற விடை வந்தது. அவர் அவனை மறுத்துரைக்கவில்லை, திருத்தவும் இல்லை. அவனுடைய அறிவுக்கு ஒரு வேலை கொடுத்தார். யான் கொடுத்த வேலையோ உவமை சொல்லுதல்.

விடை கூறி முடித்தபின் அவன் தன் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாடிப்படியைப் பார்த்தான். அங்கே நண்பரின் மகள் காலித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து ஒன்றும் சொல்லாமல் கீழே போனான். மாமனும் மருகனும் உள்ளறையில் என்ன பேசினர் என்பதை யான் அறியேன். அறிய முயலவும் இல்லை. அவர்கள் திரும்பி வருவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குள் கடைக்கார இளைஞன் தானாகவே என்னருகில் வந்து, "தவணைப் பேச்சு பேசியிருக்க வேண்டாம், ஐயா" என்று மெல்லக் கூறினான். "அதற்கு நகைத்தவருள் யானும் ஒருவன் தம்பி" என்றேன்.

இரவு உணவிற்கு இலை போடுமுன் நண்பர் அப்பெட்டியுடன் மாடிக்கு வந்தார். என்னிடம் நீட்டினார். "நீங்களே கொடுங்கள், அதுவே முறை" என்றேன். அவர் மகளை அழைத்துக் கொடுத்தார். அவள் பெற்றோரை வணங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அதன் நிறம் நீலம். கைபேசியின் பெயரையோ விலையையோ ஒருவரும் வினவவில்லை. கடைக்கார இளைஞன் தன் கடையிலிருந்து ஓர் உறையை எடுத்துவர ஓடினான். சென்னை இளைஞன் அவளருகில் அமர்ந்து, தமிழ் எழுத்துப் பலகையையும், தொலைந்துபோனாற் கண்டறியும் வழியையும், வேண்டாத செயலிகளை நீக்கும் முறையையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் காட்டியதைவிட விரைவாக அவள் செய்தாள்.

"முதலில் யாரைப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று பெரியம்மா கேட்டார். எல்லோரும் தத்தம் ஆடையைச் சரிசெய்துகொண்டனர். யானும் மேல்துண்டைச் சரிசெய்தேன். அவள் எங்களை நோக்கவில்லை. இலைக்கட்டைக் கையில் ஏந்தி, எங்கே பார்ப்பது என்று அறியாமல் நின்றிருந்த தன் தந்தையை நோக்கிக் கருவியை உயர்த்தினாள்.